உமி எனும் சொல்லும் உமி எனும் உறுப்பும்: புல்லினப் பூவுறுப்புக் கலைச்சொற்கள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

நெல், கரும்பு, மூங்கில், சிறுதானியங்கள் முதலான புல்லினத் தாவரங்களின் உறுப்புகளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் இருவேறு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. ஒன்று உழவர் வழக்கு; மற்றொன்று இலத்தீன், கிரேக்க வேருடைய அறிவியற் சொற்களின் நேர்ப்பெயர்ப்பு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து மோதும் இடங்களை, சிறப்பாக உமி, கதிர் ஆகிய சொற்களை, இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மரபியல் கூறும் புல்லுறுப்புப் பெயர்களை இன்றைய கலைச்சொல்லாக்கத்திற்குக் கொள்வதில் உள்ள எல்லையும் இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புல்லினம், கலைச்சொல்லாக்கம், உமி, கதிர், மரபியல், உழவர் வழக்கு, சிறுதானியம்

முன்னுரை

நெல்லின் உமியை அறியாத தமிழ் மாணவர் அரியர். அரிசி ஆலையின் பின்புறம் மலையாகக் குவிந்து கிடப்பதும், செங்கற்சூளையில் எரிவதும், கிராமத்தில் பல் துலக்கக் கரியாவதும் அதுவே. அம்மாணவர் தாவரவியல் பாடத்திற்கு வந்து, புல்லினப் பூவின் வரைபடத்தைக் காணும்போது, அடிப்பகுதியில் இரண்டு செதில்களுக்கு உமி என்று பெயரிட்டிருப்பதைப் படிக்கிறார். மேலே உள்ள வேறிரண்டு செதில்கள் லெம்மா, பேலியா எனப்படுகின்றன. அவர் கையிலுள்ள நெல்மணியை உரித்துப் பார்த்தால், விரல்களுக்கிடையே பிரிந்து வருபவை லெம்மாவும் பேலியாவுமே. உமி என்று பாடம் சுட்டும் உறுப்பு நெல்மணியின் காம்பு நுனியில், கைவில்லை கொண்டு தேடினாலன்றிப் புலப்படாத ஒரு விளிம்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. பாடம் கற்பித்த சொல் அவருக்கு முன்பே தெரிந்த சொல். அது சுட்டும் பொருளோ அவருக்குத் தெரிந்த பொருள் அன்று.

இதனைச் சிறு குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்வழிக் கல்வியை முன்னிறுத்துவோர் கூறும் முதன்மையான காரணம், தாய்மொழிச் சொல் மாணவரின் பட்டறிவோடு பாடத்தை இணைக்கிறது என்பதாகும். உமி போன்ற சொல்லில் அந்த இணைப்பு நிகழ்கிறது. ஆனால் தவறான உறுப்போடு நிகழ்கிறது. பொருள் தெரியாத அயற்சொல் மாணவரை நிறுத்தி வைக்கும். பொருள் தெரிந்த தாய்மொழிச் சொல் தவறான இடத்தில் நின்றால், ஐயமே எழாமல் அவரை வழிதவறச் செய்யும்.

புல்லினக் குடும்பத்தில் ஏறத்தாழ 12,000 சிற்றினங்கள் உள்ளன. உலக மக்களின் உணவில் பெரும்பங்கு இக்குடும்பத்தின் கனிகளே. தமிழர் வேளாண்மையும் பெரும்பாலும் புல் வேளாண்மையே ஆகும். எனவே புல்லைக் குறிக்கும் சொல்வளம் தமிழில் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. அந்த வளம் எத்தகையது, எதற்காகப் பிறந்தது என்பதை ஆராயாமல் அதிலிருந்து கலைச்சொல் எடுப்பதே இங்கு எழும் இடர்ப்பாடுகளுக்குக் காரணமாகிறது.

மரபியல் பட்டியலும் அதன்மீது ஏற்றப்படும் பொருளும்

புல்லுறுப்புச் சொற்களைப் பற்றிய எந்தப் பேச்சும் தமிழில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதியிலுள்ள மரபியலுக்குச் செல்லாமல் இருப்பதில்லை. புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் அது பகுக்கிறது. தொடர்ந்து இரு வகைக்கும் உரிய உறுப்புப் பெயர்களைத் தனித்தனியே தொகுக்கிறது. இப்பகுப்பு இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்பை முன்னறிந்து கூறியது என்னும் கருத்து மேடைகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

இக்கருத்தில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி மெய்யாகவே வியக்கத்தக்கது. ஒருவித்திலைத் தாவரத் தண்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. தண்டின் ஓரத்தை நோக்கி அவை நெருக்கமாகின்றன. பனையிலும் மூங்கிலிலும் வெளிப்புறம் இறுகி உட்புறம் நெகிழ்ந்திருப்பதற்கு இந்த நெருக்கமே காரணம். இருவித்திலை மரத்தில் ஆண்டுதோறும் புதுக்கட்டை வெளிப்புறம் சேர, பழையது உள்ளே வயிரமாகிறது. தச்சரும் கொல்லரும் அறிந்த இவ்வேறுபாட்டை வகைப்பாட்டின் அடிப்படையாகக் கண்ட நுண்ணறிவு போற்றத்தக்கது.

ஆயின் மரபியல் வித்திலையை எண்ணவில்லை. தண்டின் வன்மையைப் பார்த்தது. வயிரமே பாயாத சிறு செடிகொடிகள் இப்பகுப்பில் எங்கு நிற்கும் என்னும் வினா எழுந்ததும், இரண்டு பகுப்புகளும் ஒன்றல்ல என்பது தெளிவாகிறது. கலைச்சொல்லாக்கத்திற்கு இதைவிட முக்கியமானது மற்றொன்று. புல்லுக்குரியவையாகத் தரப்படும் பெயர்களில் பாளை, ஓலை, ஈர்க்கு, மடல், குலை ஆகியவை இடம்பெறுகின்றன. இச்சொற்களைக் கேட்டதும் தமிழர் மனத்தில் எழுவது தென்னையும் பனையும் கமுகுமே தவிர நெல்லோ அருகோ அன்று. மரபியலின் புல், பனைக் குடும்பத்தையும் உள்ளடக்கிய பெரும்பிரிவு. அதன் பட்டியலில் பனையினத்தின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. தோடு என்னும் சொல்லோ இரு பட்டியல்களிலும் காணப்படுகிறது. இப்பெயர்கள் ஒன்றையொன்று விலக்கும் வரையறைகளாகக் கருதப்படவில்லை என்பதற்கு இதுவே சான்று. மரபியல் கூறுவது சொல் வழங்கும் மரபு. எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பதை அது வகுக்கிறது. எந்த உறுப்பு எங்கு அமைந்துள்ளது என்பதை விளக்குவது அதன் நோக்கமன்று.

எனவே புல்லினப் பூவின் நுண்ணுறுப்புகளுக்கு மரபியலிலிருந்து ஏடு, இதழ், மடல் எனச் சொற்களை எடுத்து ஒட்டவைப்பது தொன்மையைக் காட்டுமே அன்றித் தெளிவைத் தராது. புல்லின் பூவில் இதழ் என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லை என்பதை நினைத்தால் இந்த ஒட்டவைப்பின் பொருந்தாமை விளங்கும்.

உமி: மூன்று அயற்சொற்களுக்கு ஒரு தமிழ்ச்சொல்

புல்லினப் பூவின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுகூர்வது இங்கு வேண்டப்படுகிறது. புல்லின் பூக்கள் தனித்து நிற்பதில்லை. மிகச் சிறிய அச்சொன்றில் ஒன்றாகவோ பலவாகவோ அடுக்கப்பட்டிருக்கும். இவ்வடுக்கே ஸ்பைக்லெட், தமிழில் சிறுகதிர் எனப்படுகிறது. சிறுகதிரின் அடியில் பூ எதனையும் தாங்காத இரு செதில்கள் உள்ளன, இவையே கிளூம். அவற்றிற்கு மேலே ஒவ்வொரு பூவும் இரு செதில்களுக்கு இடையே பொதிந்துள்ளது. வெளிப்புறச் செதில் லெம்மா. உட்புறச் செதில் பேலியா. அவற்றினுள்ளே லாடிக்யூல் எனும் இரு நுண்செதில்கள், மகரந்தத் தாள்கள், இறகு போன்ற இரு சூல்முடிகளைக் கொண்ட சூலகம் ஆகியவை உள்ளன. பெரும்பாலான புற்களில் மகரந்தத் தாள்கள் 3, நெல்லில் 6.

இந்த மூன்று அயற்சொற்களின் வேர்ப்பொருளைப் பார்ப்பது பயன்தரும். கிளூம் என்பது இலத்தீனில் தானியத்தின் மேலுறையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. லெம்மா கிரேக்கத்தில் உரிக்கப்படும் தோலைக் குறித்தது. பேலியா இலத்தீனில் பதரையும் சருகையும் குறித்தது. அதாவது மூன்றுமே ஏறத்தாழ உமி என்னும் பொருளுடையவை. ஐரோப்பிய அறிவியல், தன் உழவர் மொழிகளில் வாழாத இரு செம்மொழிகளின் சொற்களை எடுத்து, அவற்றின் பழம்பொருளைக் களைந்து, வரையறையால் மூன்று வெவ்வேறு இடங்களில் அமர்த்திக்கொண்டது. இலத்தீனில் நெல் குற்றுவோர் எவரும் இல்லாததால் அங்கு மோதல் நேரவில்லை. தமிழில் குற்றுவோர் இருக்கின்றனர்.

அறிவியலும் இந்த மூன்று இடங்களை ஒரே நாளில் கண்டுவிடவில்லை. லின்னேயஸ் 1751இல் வெளியிட்ட தாவரவியல் மெய்ப்பொருள் நூலில் கிளூமைப் புல்லிவட்டத்தின் ஒரு வகையாக வைத்தார். ஒரு சிறுகதிரே ஒரு பூ என்னும் எண்ணம் அதில் உள்ளடங்கியிருந்தது. சிறுகதிர் என்பது பூ அன்று, பூத்திரள் என்னும் தெளிவு பின்னரே ஏற்பட்டது. அதன் பிறகும் சொற்கள் உடனே பிரியவில்லை. ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரத் தொகுதி, புல்லினச் செதில்களைப் பெரும்பாலும் கிளூம் என்றே அழைத்து எண்ணிட்டு வேறுபடுத்தியது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த கே. ரங்காச்சாரியார், தாடுலிங்க முதலியாரின் துணையுடன் எழுதி 1921இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய ஆங்கிலக் கையேடும் முதற்கிளூம், இரண்டாங்கிளூம், மூன்றாங்கிளூம், நான்காங்கிளூம் என எண்ணிட்டே செல்கிறது. தென்னிந்தியப் புற்களை நேரில் கண்டு எழுதிய இந்நூலுக்கு இன்றும் மதிப்புண்டு. ஒரு சொல்லும் சில எண்களும் போதும் என்று நல்ல ஆய்வாளர்கள் கருதிய காலம் ஒன்று இருந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் கிளூமை உமி என்று பெயர்த்திருந்தால் பிழை நேர்ந்திராது. எல்லாச் செதிலும் உமியே, எண் மட்டும் வேறு என்றாகியிருக்கும். லெம்மா என்னும் சொல் தனியே பிரிந்த பிறகும் கிளூமுக்கு உமி, உமிச்செதில் எனப் பழைய பெயர்ப்பையே தொடர்வதுதான் சிக்கலாயிற்று.

நெல்லில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. நெல்லின் சிறுகதிரில் வளமான பூ ஒன்றே. கிளூம்கள் காம்பின் நுனியில் அடையாளமாக மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றிற்கு மேலே இரு சிறு மலட்டுச் செதில்கள் உண்டு. பதப்படுத்தாத நெல்லை உற்று நோக்கினால் மணியின் அடியில் மீசை போல் ஒட்டியிருப்பவை இவையே. அதன்பின் வருகின்ற பெரிய இரு செதில்கள் ஐந்து நரம்புடைய லெம்மாவும் மூன்று நரம்புடைய பேலியாவும் ஆகும். இரண்டின் ஓரங்களும் ஒன்றையொன்று கொக்கியெனப் பற்றிக்கொள்கின்றன. உழவர் உமி என்பது இந்த இணையை. வாலுள்ள நெல் வகைகளில் அந்த வால் லெம்மாவின் நுனியே.

உமி என்ற சொல்லை லெம்மாவுக்கும் பேலியாவுக்கும் மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். நெல்லுக்குத் தீரும். வரகு, சாமை, தினை, குதிரைவாலி ஆகியவற்றிற்கும் தீரும். அவற்றில் அரிசியை இறுகப் பற்றி, குற்றினாலொழிய விடாத ஓடு இவ்விரு செதில்களே. சோளத்தில் நிலைமை வேறு. சோளமணியைக் கதிரில் பற்றிநிற்கும் தடித்த, பளபளப்பான செதில்கள் கிளூம்களே. லெம்மாவும் பேலியாவும் அங்கு மென்படலங்கள். கதிரடித்துத் தூற்றும்போது பறப்பவற்றைக் கரிசல், கொங்குப் பகுதிகளில் கொம்மை என்பர். சோளக் கொம்மை ஓர் உறுப்பு. நெல்லுமி வேறோர் உறுப்பு. உழவரின் சொற்களுக்கு இதனால் குறை ஒன்றும் இல்லை. மணியைக் காப்பது எது, உண்ணும் முன் நீக்கவேண்டியது எது என்பதே உழவருக்குத் தெரியவேண்டியது. அதனை எவ்வகை முயற்சியால் நீக்குவது என்பதையும் சொல்லே சொல்லிவிடுகிறது: உமி குற்றிப் போவது, கொம்மை அடித்துத் தூற்றப் போவது. உழவர் வழக்கு தொழிலால் பெயரிடுகிறது. தாவரவியல் உறுப்பு எந்த இடத்திலிருந்து முளைத்தது என்பதால் பெயரிடுகிறது. இரண்டும் தத்தம் அளவில் செம்மையானவை. ஒன்றுக்கொன்று நேர்ச்சொல்லாக முடியாதவை.

இந்நிலையில் கிளூமுக்கு உமி தொடர்பான எச்சொல்லும் வேண்டா. அடிச்செதில் என இடத்தைச் சுட்டும் சொல்லே தகும். லெம்மாவைப் புறவுமி என்றும் பேலியாவை அகவுமி என்றும் வழங்கலாம். இவை மாணவரின் பட்டறிவை நெல்லிலும் பெரும்பாலான சிறுதானியங்களிலும் சரியான உறுப்போடு இணைக்கின்றன. சோளத்தில் மட்டும் ஆசிரியர் ஒரு விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். ஒரு பயிருக்கு விளக்கம் தருவது, எல்லாப் பயிருக்கும் பிழையைத் தருவதினும் மேல்.

கதிரும் சிறுகதிரும்

இதனினும் எளிதில் கண்ணில் படாத மோதல் கதிர் என்னும் சொல்லில் உள்ளது. தமிழ்த் தாவரவியல் பாட மரபில் ஸ்பைக் எனும் பூத்திரளுக்குக் கதிர் என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. கிளைக்காத நீண்ட அச்சில் காம்பற்ற பூக்கள் அமைந்திருப்பது அதன் இலக்கணம். அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு நாயுருவி. நெல்லின் பூத்திரளோ கிளைத்துக் கிளைத்துச் செல்வது. பூக்களுக்குக் காம்பும் உண்டு. ஆகவே அவ்விலக்கணத்தின்படி அது கதிர் அன்று. நாயுருவியில் கதிர் உண்டு, நெல்லில் கதிர் இல்லை என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் பக்கமே நியாயமும் இருக்கிறது.

தமிழில் கதிர் என்பது நெல், கம்பு, சோளம், தினை, கேழ்வரகு, மக்காச்சோளம் என எல்லாப் புற்பயிர்களின் பூத்திரளையும் குறிக்கும் பொதுச்சொல். கிளைத்ததா கிளைக்காததா, காம்புண்டா இல்லையா என்பது அதற்குப் பொருட்டன்று. ஒரு மொழியின் பொதுச்சொல்லை எடுத்து, அதன் ஒரு வகைக்கு மட்டும் உரியதாக்கி, அதன் முதன்மையான பொருளை வெளியே தள்ளிய செயல் இது. ஆங்கிலத்தில் ஸ்பைக் எனும் சொல்லும் தானியக்கதிரைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. அங்கும் இக்குறுக்கம் நிகழ்ந்துள்ளது. ஆனால் ஆங்கில உழவர் தம் தானியக் கதிருக்கு வேறொரு சொல்லை வைத்திருப்பதால் அது உறுத்தவில்லை.

மாற்று வழி கடினமானதன்று. கதிர் என்பதைப் புல்லினப் பூத்திரளின் பொதுப்பெயராகவே விட்டுவிட்டு, வகைகளை அடைமொழியால் பிரிக்கலாம். நெல், சாமை ஆகியவற்றிற்குக் கிளைக்கதிர். கம்பு, தினை போன்று செறிந்தவற்றிற்குத் திரள்கதிர். கேழ்வரகிற்கும் அருகிற்கும் விரற்கதிர். கடைசிச் சொல் புதியதும் அன்று. கேழ்வரகுக் கதிரின் கிளைகளை விரல் என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அருகம்புல்லின் அறிவியற் பெயரில் உள்ள இரண்டாம் பகுதியும் விரல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. தொடர்பில்லாத இரு மக்கள் ஒரே வடிவத்தைக் கண்டு ஒரே உவமையைச் சொல்லியிருக்கின்றனர். நாயுருவியின் பூத்திரளைக் காம்பிலாப் பூங்கதிர் என்றால் அதற்கும் குறை நேராது.

சிறுகதிர் என்ற சொல்லைப் பொறுத்தவரை, அது ஸ்பைக்லெட் என்பதன் நேர்ப்பெயர்ப்பு. நெல்லில் ஒரு சிறுகதிரில் விளைவது ஒரே மணி என்பதால் உழவருக்கு அதற்கெனத் தனிச்சொல் தேவைப்படவில்லை. கதிருக்கு இத்தனை மணி என்று எண்ணுவதோடு அவர் கணக்கு முடிகிறது. கேழ்வரகில் இச்சொல் தடுமாற்றம் தருகிறது. சிறுகதிரைக் காட்டுக என்றால் மாணவர் விரலைக் காட்டுவார். விரலில் இரு வரிசையாக அடுக்கப்பட்ட, பல பூக்களைக் கொண்ட நுண்திரள்களே உண்மையில் சிறுகதிர்கள். எனினும் இச்சொல் ஊன்றிவிட்டது. இனி அதனை அகற்ற முயல்வது வீண். கேழ்வரகுப் படத்தோடு அதனைக் கற்பித்தால் போதுமானது.

பருவச் சொற்கள்: அகராதி தவறவிட்ட செல்வம்

உறுப்புச் சொற்களைத் தேடுவோர் பெரும்பாலும் கடந்துசெல்வது தமிழின் பருவச் சொற்களை. தூர் கட்டுதல், சிம்பு வெடித்தல், தண்டு உருளுதல், சூல் கொள்ளுதல், தொண்டைக்கதிர், கதிர் ஈனுதல், பூத்தல், பால் பிடித்தல், மணி முற்றுதல், தலை சாய்தல் என ஒரு பயிரின் வாழ்நாள் முழுதும் சொற்களால் நிரம்பியிருக்கிறது. விளையாத மணிக்கும் பதர், சாவி, கருக்காய், பொக்கு என நிலைக்கொரு பெயர் உண்டு. தாவரவியல் வரைபடம் பூத்த நிலையில் உறைந்த ஒரு செடியைக் காட்டுகிறது. உழவர் மொழி நேற்றும் நாளையும் உள்ள செடியைப் பேசுகிறது. எப்போது நீர் கட்டவேண்டும், எப்போது மருந்தடிக்கக் கூடாது என்பவை அப்பேச்சில் அடங்கியுள்ளன.

இலக்கியமும் இப்பருவ நோக்கையே பின்பற்றியது. குறுந்தொகையின் 35ஆம் பாடல் விரியாத கரும்பின் பூத்திரள் இலையுறைக்குள் பருத்துத் தோன்றுவதைச் சூல்கொண்ட பச்சைப்பாம்பிற்கு ஒப்பிடுகிறது. சீவகசிந்தாமணி அவ்வுவமையை நெல்லுக்கு ஆக்கி, கதிர் ஈன்று நிமிர்வதும் முற்றித் தலைசாய்வதும் வரை கொண்டு செல்கிறது. இரண்டும் காட்டும் உறுப்பு ஒன்றே: மேல் இலையின் உறையும் அதற்குள் பொதிந்த கதிரும். இதனைப் பெயரிடும்போது புலவர் வடிவத்தைச் சொல்லவில்லை, ஒரு நிலையைச் சொன்னார்.

கதிரை ஒட்டி வரும் அந்தக் கடைசி இலைக்குக் கலைச்சொல் இட்ட விதம் சிந்திக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அதற்குக் கொடியின் பெயர் உண்டு. நிமிர்ந்து நிற்பதால் அவ்வாறு கூறப்பட்டது. அதனைத் தமிழில் கொடி இலை எனப் பெயர்த்தோர், கொடி என்பது தமிழில் படரும் தாவரத்தையும் குறிக்கும் என்பதை மறந்தனர். தாவரவியல் நூலில் கொடி இலை என்று படிப்பவர் அவரைக்கொடியையோ முல்லைக்கொடியையோ நினைப்பது அவர் குற்றமன்று. நெல் உழவர் அவ்விலையைக் கண்ணாடி இலை என்கின்றனர். கண்ணாடி இலை வந்துவிட்டது என்றால் கதிர் வருகிறது என்று பொருள். இச்சொல் ஓர் உறுப்பையும் ஒரு பருவத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. வேளாண் கையேடுகளிலும் இது இடம்பெறுவதுண்டு. மணியை நிரப்பும் உணவில் பெரும்பங்கைத் தரும் இலைகளுள் தலையாயது அது என்பதால், அதற்கொரு குழப்பமற்ற பெயர் இருப்பது நடைமுறையிலும் வேண்டத்தக்கது. இங்கு உழவர் சொல்லும் அறிவியல் சுட்டும் உறுப்பும் முற்றிலும் பொருந்துகின்றன. பொருந்தும் இடத்தில் மொழிபெயர்த்தும், பொருந்தாத உமியிலும் கதிரிலும் வழக்குச் சொல்லை எடுத்தும், கலைச்சொல்லாக்கம் தலைகீழாக நடந்திருக்கிறது.

நேர்ப்பெயர்ப்பு எல்லாமே தீது என்று இதனால் கொள்ளலாகாது. இலைத்தாளும் இலையுறையும் சேரும் இடத்தில் உள்ள மென்சவ்வுக்கு இலத்தீனில் சிறுநா என்னும் பொருளுடைய பெயர். அதன் இருபுறத் துருத்தல்களுக்குச் சிறுகாது என்பது பெயர். இவற்றை இலைநா, இலைக்காது எனத் தமிழாக்கினால் எந்த வழக்குச் சொல்லோடும் மோதல் இல்லை. அந்த இடம் வெற்றிடமாகவே இருந்தது. நாற்றங்காலில் நெல்லோடு கலந்து முளைக்கும் குதிரைவாலி இனக் களைப்புல்லை இனங்காண இவ்வுறுப்புகளே துணை: நெல்லுக்கு இலைநாவும் இலைக்காதும் உண்டு, அக்களைக்கு இலைநா இல்லை. லாடிக்யூலுக்கும் இதுவே பொருந்தும். சிறு போர்வை என்னும் அதன் இலத்தீன் பொருளைப் பெயர்ப்பதால் பயனில்லை. அது நீர் உறிஞ்சிப் பருத்து லெம்மாவைத் தள்ளிப் பூவைத் திறக்கிறது. நெற்பூ காலையில் சிறிது நேரமே விரிந்து மூடுவது இதனாலேயே. விரிசெதில் என்றால் சொல்லே செயலைச் சொல்லிவிடும்.

நெல்லும் அரிசியும்

புல்லினக் கனியைக் குறிக்கும் காரியாப்சிஸ் என்னும் சொல்லுக்குத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பையே நாடுகின்றன. கனித்தோலும் விதைத்தோலும் பிரிக்க இயலாதவாறு ஒட்டிய ஒற்றைவிதை உலர்கனி என்பது அதன் இலக்கணம். நெல்மணி என்பது இக்கனி அன்று. கனியும் அதனைப் பொதிந்த புறவுமி, அகவுமிகளும் சேர்ந்தது. அவற்றை நீக்கினால் எஞ்சும் தீட்டாத அரிசியே தாவரவியல் கூறும் கனி. தவிடு என்று நாம் நீக்குவதில் கனித்தோல், விதைத்தோல், அவற்றின் கீழுள்ள அடுக்கு, முளை ஆகியவை அடங்கும். ஆங்கிலம் வயலிலும் உலையிலும் ஒரே சொல்லால் அழைப்பதைத் தமிழ் நெல் என்றும் அரிசி என்றும் பிரித்தது. அந்தப் பிரிவுக்கோடு பூச்செதிலுக்கும் கனிக்கும் இடையே மிகச் சரியாக விழுந்திருக்கிறது. வரகரிசி, சாமையரிசி, தினையரிசி, மூங்கிலரிசி ஆகியவற்றிலும் அவ்வாறே.

அதனால் அரிசியையே புல்லினக் கனிக்குரிய கலைச்சொல்லாக்கலாம் என்னும் ஆவல் எழும். கம்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. கம்பு மணி கதிரடிக்கும்போதே செதில்களை உதறிவிட்டு வெறுங்கனியாக வந்துவிடுகிறது. அதனை ஈரப்படுத்திக் குற்றுவது உமி போக்க அன்று. கனித்தோலையே புடைத்து எடுக்க. ஆகவே வரகின் அரிசி முழுக்கனி, கம்பின் அரிசி தோல் நீக்கிய கனி. உரலில் இரண்டும் ஒரே வேலை, ஒரே சொல்; நுண்ணோக்கியின் கீழ் வெவ்வேறு. கேழ்வரகு இவ்விரண்டிலும் சேராது. அதன் கனித்தோல் விதையோடு ஒட்டாமல், தேய்த்தாலே உதிரும் மென்படலமாக இருப்பதால் இலக்கணப்படி அது காரியாப்சிஸே அன்று. அடித்துத் தூற்றும்போதே அப்படலம் பெரும்பாலும் போய்விடுகிறது. எஞ்சும் சிவந்த மணி வெறும் விதை. அதனைக் குற்றுவதில்லை, நேரே திரிகைக்குப் போகிறது. கேழ்வரகு அரிசி என்று எவரும் சொல்வதும் இல்லை. கேழ்வரகு மாவு என்றே வழக்கு.